கங்காணியார் மோதிரமும் என் கை நடுக்கமும்

கல் பதிக்கிறவனுக்குக் கை நடுங்கக்கூடாது என்பார்கள். நுவரெலியா பஜாரில் பதினைந்து வருஷம் நான் நடுங்குகிற கையோடுதான் பழைய மோதிரங்களுக்குக் கல் பதித்தேன். கேட்டவர்களிடம் குளிர் என்று சொல்லி வைத்திருந்தேன். குளிர் இல்லை, பயம்.

அடுத்தவன் பொருளைக் கையில் வாங்கி வேலை செய்கிற எல்லோருக்கும் இது விளங்கும். கடிகாரம் பழுது பார்ப்பவர்களே, தையற்காரர்களே, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் கைக்கு வரும் வரைக்கும் அது ஒரு பழைய சாமான். நம் கையில் இருக்கும்போது ஒரு கீறல் விழட்டும், உடனே அது ஏழு தலைமுறைச் சொத்தாகிவிடும்.

எனக்கு அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவனாக இருந்தவன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. துண்டுப்பிரசுரங்களை வரி விடாமல் படித்து ஆளானவன். ஒரு வேலைநிறுத்தம் தோற்றபோது தோட்டத்துத் துரை என் பெயரைச் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருந்து வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்து, குடும்பத்தோடு லயத்து வீட்டைவிட்டு வெளியேற்றினார். என் அப்பா தோட்டம் தோட்டமாகப் போய் நகை செய்து கொடுத்த பத்தர் என்பதால் உளி பிடிக்கத் தெரியும். மனைவியின் அண்ணன் சுந்தரம் நுவரெலியாவில் வைத்திருந்த சின்ன நகைக்கடையில் எனக்கு ஒரு மூலை கிடைத்தது.

இலங்கை சுதந்திரமான கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டு, வேண்டுமென்றால் மனுப் போட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருந்த காலம் அது. எனக்கும் மனைவி பாக்கியத்துக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக நானும் மனுப் போட்டேன். எழுதித் தந்தவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர். கையெழுத்தை வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இனி நீர் ஒரு பொலிஸ் முறைப்பாட்டிலையும் மாட்டுப்படக்கூடாது, விளங்குதோ? ஆரும் களவு எண்டு ஒரு சொல்லு எழுதிக் குடுத்தாலே காணும், உம்மையும் குடும்பத்தையும் இந்தியாவுக்குக் கப்பலேத்திப் போடுவாங்கள்."

துரையின் விரல்

கடையில் உட்கார்ந்த இரண்டாம் மாதம் துரைமார் பங்களாவில் சமைக்கிற அப்பு ஒருவன் வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த மோதிரத்தை அவிழ்த்து வைத்தான். சீமையில் செய்த பழைய தங்கம், நடுவில் பச்சைக்கல். கல்லைப் பிடித்திருந்த நாலு பிடிகளும் தேய்ந்து காகிதமாகியிருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் மேசையைத் தட்டித் தட்டி எங்களை மிரட்டிய விரலில் இருந்த மோதிரம். என்னை விரட்டிய அதே துரை.

பச்சைக்கல் நெருப்புத் தாங்காது. கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிடிகளுக்குப் பொன் ஊதிச் சேர்க்க முடியும். திரும்பப் பதிக்கும்போது ஒரு பிடியைத் தள்ளினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பதைத் தள்ளவேண்டும். வரிசையாகச் சுற்றி வந்தால் கல் ஒரு பக்கம் சாய்ந்து ஓரம் தெறித்துவிடும். தெறித்தால் யார் நம்புவார்கள்? பழி வாங்கிவிட்டான் சங்கத்துக்காரன் என்றுதானே சொல்வார்கள்? வர்க்க எதிரிக்கு உலகத்திலேயே திறமான வேலையைச் செய்து கொடுத்தேன், பயத்தால். எதிரெதிராக நாலு தள்ளல், ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மோதிரம் போய் ஒரு வாரம் கழித்து அதே அப்பு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "தொர கேக்குறாருங்க, இம்புட்டு நல்லா வேல தெரிஞ்ச ஆள எந்த மடையன் தோட்டத்த விட்டு வெரட்டுனான்னு."

சார்ஜன்ட் வந்தார்

ஒரு மழை நாளில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் தொப்பியோடு கடைக்குள் நுழைந்தார். சுந்தரம் சாமி படத்துக்குப் பின்னால் எதையோ தேடப் போய்விட்டான். சார்ஜன்ட் நேராக என் பட்டறைக்கு வந்து கையை நீட்டினார். விலங்கு மாட்டத்தான் கையை நீட்டுகிறார் என்று நானும் என் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அவர் காட்டியது வீங்கிய விரலை. குளவி கொட்டியிருந்தது. வைடூரியம் பதித்த பழைய மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

மோதிரத்தை வெட்டுவதென்றால் கல்லுக்கு நேர் எதிர்ப்பக்கம் வெட்டவேண்டும். கல் இருக்கிற வீட்டை அசைக்கக்கூடாது. சதைக்கும் தங்கத்துக்கும் நடுவில் மெல்லிய தகரத்தைச் செருகி, நூல் போன்ற ரம்பத்தால் இழைத்தேன். ரம்பம் வழுக்கிச் சட்டத்தின் விரலை அறுத்துவிட்டால் என் மனு என்னாகும் என்று மட்டுமே நினைத்தேன். நெற்றி வியர்வை அவர் கையில் சொட்டியது. மோதிரம் விட்டதும் அவர் விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்பட வேணாம் பாஸ், ஒங்கட பேரு ஸ்டேஷன் பொத்தகத்தில இருக்குது, வீட்டு வெலாசமும் இருக்குது, அதுதான் நம்பி விரல் குடுத்தது."

துள்ளிய கெம்பு

கல்யாண வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் ராகலையிலிருந்து வந்து கடையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மோதிரத்தில் ஒரு கெம்பு ஆடுகிறது, இறுக்கித் தரவேண்டும். சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் கல்லைத் தூக்கினேன். துவரம்பருப்பு அளவுக் கல், துள்ளிவிட்டது. எங்கே விழுந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் கல் துள்ளினால் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்த வேண்டும். கல் அகப்படும் வரை யாரும் வெளியே போகக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் உடுப்பை உதறிக் காட்ட வேண்டும், முதலில் பத்தர். மனித மானத்தைப் பற்றி மணிக்கணக்கில் மேடையில் பேசியவன், ஏழு பெண்கள் முன்னால் வேட்டி மடிப்பைப் பிரித்து உதறினேன். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினேன். தலைமுடியைக் கோதிக் காட்டினேன். "ஸ்டேசனுக்குச் சொல்லி அனுப்பலாமா?" என்று ஒருத்தி கேட்டதும் வேட்டியை இன்னொரு தரம் உதறினேன். கடைசியில் கெம்பு அரக்குக் குச்சியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "மேடையில கைய ஒதறி ஒதறிப் பேசுன ஆளு, இன்னிக்கி வேட்டிய ஒதறுறாரு பாருங்கடி!"

தோலில் படவேண்டும்

வருஷங்கள் ஓடி, மனு விசாரணைக்கு வந்தது. அடுத்த மாதம் இந்தத் திகதி, சாட்சியோடு வா என்று கடிதம். நான் இத்தனை வருஷமும் இடைவெளியில்லாமல் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று தோட்டத்து ஆள் யாராவது சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீசில் என் பெயருள்ள பழைய செக்ரோல் பக்கங்களைத் தர மறுத்தார்கள். கூட வேலை செய்தவர்களிடம் போய்க் கேட்டேன். "எங்க மனுவும் அங்கதானே அண்ணே கெடக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பயத்தில் நான் மட்டும் என்ன குறைச்சல்?

அந்த நிலைமையில் கந்தப்பளை பஸ்ஸில் வந்து இறங்கினார் எங்கள் தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணியார். வேலைநிறுத்தத்தின்போது ஆட்களைப் பிரித்து எங்களைத் தோற்கடித்தவர். துரைக்கு என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். விரலில் இருந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றிச் சுந்தரத்திடம் கொடுத்தார். மயில் கழுத்து நிறம். தோட்டத்தில் அந்த நீலத்தைத் தெரியாதவர் கிடையாது. மகளுக்குக் கல்யாணம், மோதிரத்தை மருமகனுக்குப் போடப்போகிறார். மாப்பிள்ளைக்குச் சனி திசை. நீலம் தோலில் பட்டால்தான் பலன் கொடுக்கும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்து மோதிரம், அடிப்பக்கம் தங்கத்தால் மூடியிருந்தது. அதில் துளை போட்டுத் தரவேண்டும்.

"மூடின மோதிரத்தைத் திறக்காம இருக்கிறது நல்லதுங்க, கங்காணியாரே" என்றேன். அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "பாத்து வேல செய் தலைவரே, இது வேலைநிறுத்தம் இல்ல, நீலம். ஒருக்கா ஒடஞ்சா மறுபடி கூட்ட ஏலாது."

வெளுத்த நீலம்

பழைய மோதிரத்தில் கல்லைக் கழற்றுவதென்றால் உரியவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். எந்தப் பத்தருக்கும் தெரிந்த பாடம். அன்றைக்கு நான் அதை மீறினேன். காரணம் நுவரெலியாக் குளிர். மோதிரத்தை அசையாமல் பிடிக்கும் அரக்கை நெருப்பில் இளக்கி, மோதிரத்தை அதில் அழுத்தி, பதம் வந்ததும் உடனே வேலையைத் தொடங்கவேண்டும். விட்டால் எங்கள் ஊர்க் குளிரில் அரக்கு கண்ணாடியாக இறுகி, உளி பட்டதும் நொறுங்கி மோதிரத்தையே தூக்கி எறிந்துவிடும். கங்காணியார் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று போனவர் வரவில்லை. அரக்கோ பதத்தில் இருந்தது. ஓரத் தங்கத்தை மெல்ல மெல்ல நிமிர்த்திக் கல்லைத் தூக்கிவிட்டேன்.

குனிந்து குழிக்குள் பார்த்தேன். கீழே கண்மை போலக் கருகிய தூள். என் சாமணத்தில் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஒரு கல். வெளிறிய கல்லுக்கு அடியில் நீலத் தகட்டை வைத்து நிறம் ஏற்றி மூடுவது அந்தக் காலத்துக் கைவேலை. நீலம் கல்லில் இல்லை, தகட்டில் இருந்தது. தகடு மோதிரத்துக்குள்ளேயே உளுத்துப்போய், நான் திறந்ததும் தூளாகிவிட்டது. கல்லை வாயால் ஊதினேன், துணியால் துடைத்தேன். வெளிறல் வெளிறலாகவே இருந்தது. இதைப் பார்க்க அவர் எதிரில் இல்லை. நான் மட்டும் பார்த்தேன்.

கங்காணியார் வாயில் வெற்றிலையோடு உள்ளே வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். சுந்தரத்தின் முகம் அந்தக் கல்லைவிட வெளுத்திருந்தது. அடுத்த மாதத் திகதி, பாக்கியம், பிள்ளைகள், கப்பல் எல்லாம் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. "என் நீலத்த எடுத்த எடத்துல வைக்கிறியா, இல்ல ஸ்டேசனுக்கு நடக்குறியா தலைவரே?"

குழி சொன்ன சாட்சி

பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் சில சமயம் புத்தி வேலை செய்யும். "ஸ்டேசனுக்கு வர்றேன். அதுக்கு முந்தி ஒங்க கையாலேயே ஒரு வேல செய்யுங்க" என்றேன். குச்சி நுனியில் மெழுகை உருட்டி, கல்லை அதில் ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். மோதிரத்தை முன்னால் வைத்தேன். "இந்தக் கல்ல அந்தக் குழியில ஒக்கார வைங்க பாப்போம்."

நம் ஊரில் பட்டை தீட்டிய பழைய கல் ஒன்றுகூடச் சரிவட்டமாக இராது. ஒரு பக்கம் தடித்திருக்கும், ஒரு மூலை தேய்ந்திருக்கும். பழைய பத்தர் அந்தக் கோணலைப் பார்த்துத்தான் குழி வெட்டுவார். வேறொரு கல் அதில் ஆடும், அல்லது இறங்காது. கங்காணியார் ஒரு பக்கமாக வைத்தார், உட்காரவில்லை. திருப்பி வைத்தார், தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொரு தரம். அவர் கையும் நடுங்கத் தொடங்கியது. நான் அவர் விரலைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழி வெட்டிய ஆள் சோம்பேறியாக இருந்திருந்தால் நான் தொலைந்தேன். நாலாம் தரம் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம். மூலையில் இருந்த சின்ன உடைப்பு, தங்கத்தில் இருந்த சின்ன மேட்டில் போய்ப் பொருந்திக்கொண்டது. கல் குழிக்குள் அசையாமல் இருந்தது.

கங்காணியார் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்பன்னா... நாப்பது வருசமா என் கையில இருந்தது இந்தத் தண்ணிக் கல்லா?"

தேயிலைப் பெட்டித் தகடு

இப்போது பயம் அவர் பக்கம் மாறியது. சம்பந்தி வீட்டார் நீலத்தை நேரில் பார்த்து மெச்சிவிட்டுப் போயிருந்தார்கள். வெளிறிய கல்லைப் போட்டால் கல்யாணம் நிற்கும். நிற்காவிட்டாலும் தோட்டம் முழுக்கச் சிரிக்கும். "பழைய மாதிரியே மூடிக் குடுத்துரு. வெளியில மூச்சு விடாத" என்றார். நான் மோதிரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது, என் மானம் கேட்கவிடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து சுந்தரம்தான் கேட்டான். "கங்காணி ஐயா, என் தங்கச்சி புருசனுக்குக் குடியுரிமை விசாரணை வருது. தோட்டத்துலேர்ந்து ஒரு சாட்சி வேணுங்க." கங்காணியார் மோதிரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

நீலத் தகடு எங்கே கிடைக்கும்? தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளி நிறத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, மெருகிடுகிற அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். துணிக்குப் போடுகிற சலவை நீலத்தைப் பிசினில் குழைத்து மெல்லிசாகப் பூசிக் காயவைத்தேன். கல்லை அதன் மேல் உட்காரவைத்தபோது மயில் கழுத்து திரும்பி வந்தது. தண்ணீர் இறங்காமல் ஓரத்துக்கு மெழுகு காட்டி, தங்கத்தை எதிரெதிராகத் தள்ளி மூடினேன். தேயிலைத் தோட்டத்துப் பெருமைக்குத் தேயிலைப் பெட்டித் தகடு பொருத்தம்தான். அப்போதுதான் ஜோசியர் ஞாபகம் வந்தது. துளை இல்லை, கல் தோலில் படப்போவதில்லையே என்றேன். கங்காணியார் மோதிரத்தை விரலில் திருகிக்கொண்டே எழுந்தார். "சனீஸ்வரன்கிட்ட நான் பேசிக்கிறேன்டா, சம்பந்திகிட்டதான் பேச ஏலாது."

விசாரணை அறை

விசாரணை நாளுக்குள் அவர் மகளின் கல்யாணம் முடிந்து, மோதிரம் மருமகன் விரலுக்குப் போய்விட்டது. இனி அவருக்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. வராமலே இருந்துவிடலாம். வந்து, வேறு மாதிரிச் சொன்னால் இன்னும் மோசம். பாக்கியம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். "என்னாங்க, அந்தாளு வருவாரா?" என்று நாலு தடவை கேட்டாள். ஐந்தாம் தடவை கேட்கும்போது கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணியார் வந்தார். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதிகாரி சிங்களவர், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். "இவனா? நல்லாத் தெரியும். பொல்லாத பய" என்றார் கங்காணியார். நான் வாசலில் இருந்த பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. அரிசிக்குச் சண்டை போட்ட வருஷம், கங்காணிகள் வேண்டாமென்று கூட்டம் போட்ட வருஷம், கொழுந்து நிறுக்கிற தராசைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஊர்வலம் போன வருஷம், லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று துரையின் காரை மறித்த வருஷம் என்று என் குற்றங்களை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னார். நான் மறந்துபோனவையும் அதில் இருந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்கியது. அதிகாரி ஒவ்வொரு வருஷமாகத் தாளில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, இதற்கு நடுவில் இந்த ஆள் இந்தியாவுக்குப் போய்த் தங்கியிருந்ததுண்டா என்று கேட்டார்.

கங்காணியார் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது பழைய வெறுப்புத்தான், ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. "இவன் ஒரு மாசம் எங்கயாச்சும் தொலைஞ்சு போயிருந்தா நான் நிம்மதியா ஒறங்கியிருப்பேனே ஐயா!"

குடியுரிமை கிடைத்துவிட்டது. கூட்டம் போட்டும் ஊர்வலம் போயும் வாங்க முடியாத உரிமையை, என்னை விரட்டிய கங்காணியின் மானத்துக்குத் தேயிலைப் பெட்டித் தகடு வைத்து மூடிக் கொடுத்து வாங்கினேன் என்று என் தோழர்கள் யாரிடமும் நான் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.